எந்த ஆரணி?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் குழாய் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் முபீனா ஸ்டோர்ஸ் கிளார்க். "போல்ட் குடும்மா" என்று வருகிறவரை, "எந்த போல்ட்? பதினெட்டு தினுசு இருக்கு. நம்பர் எழுதிக்கினு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். இதனால் அவளுக்கு நண்பர்கள் குறைவு.

சுனாமியில் பழவேற்காட்டிலிருந்த அவள் வீடு தப்பியது. பக்கத்துக் குப்பம் தப்பவில்லை. குப்பத்தின் நாற்பது குடும்பங்களை ஆரணியில் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கவைத்தார்கள். மார்கழி மாதம், மண்டபம் சும்மாதான் கிடந்தது.

அந்த நாட்களில் இன்டர்நெட்டில் தன்னார்வலர்கள் சிலர் நிவாரணப் பக்கம் ஒன்று நடத்தினார்கள். எந்த ஊருக்கு என்ன வேண்டும் என்று ஒருவர் எழுதுவார். அதை வைத்திருப்பவரை இன்னொருவர் தேடிப் பிடிப்பார். யாரும் யாரையும் பார்த்ததில்லை. முபீனா சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் குப்பத்தின் தேவைகளை ஏற்றினாள். சிங்கப்பூரில் இருந்த குணசுந்தரி அவற்றுக்கு லாரி ஏற்பாடு செய்தாள்.

தை பிறந்தால் முகூர்த்தம். போகியன்று மண்டபத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் மேனேஜர்.

"செவுரு நிக்குது, கூரதான் இல்ல," என்றாள் குப்பத்துக் கனகாம்பாள். "தார்ப்பாய் வந்தா கட்டிக்கினு ஊட்டுக்குப் பூடுவோம். வரலன்னா ரோட்லதான் பொங்கலு."

முபீனா எழுதினாள்: ஆரணி, கல்யாண மண்டபம், நாற்பது தார்ப்பாய், அவசரம். பெங்களூரில் தார்ப்பாய் கிடைத்தது. போகிக்கு முந்தின நாள் விடிகாலையில் லாரி கிளம்பியது.

மதியம் குணசுந்தரி சாட்டில் வந்தாள். "லாரி இந்நேரம் ஆரணி பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருக்கும். எங்க ஊருக்கு நானே லாரி அனுப்புறேன் பாரேன்!"

"உங்க ஊரா? பொன்னேரி பக்கமாக்கா?"

"பொன்னேரியா? பட்டுப்புடவை ஆரணிம்மா. திருவண்ணாமலை மாவட்டம்."

முபீனா கேட்டாள்: "அங்க சுனாமி வந்துச்சாக்கா?"

"இல்ல. ஜனங்கள அங்க கூட்டினு வந்து வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன்."

சொந்த ஊர் என்பதால் குணசுந்தரி எந்த ஆரணி என்று கேட்கவில்லை. முபீனாவுக்குத் தெரிந்தது பொன்னேரி பக்கத்து ஆரணி ஒன்றுதான். அதனால் அவள் சொல்லவில்லை.

டிரைவர் சடையப்பனின் மொபைல் ஓசூர் தாண்டியதுமே ஊமையாகிவிட்டது; ரோமிங் இல்லை. ஆரணியில் இருந்த தன் அண்ணன் பரசுராமனுக்கு குணசுந்தரி போன் போட்டாள். அவர் கடையைப் பூட்டாமலே ஸ்கூட்டரை எடுத்தார்.

பரசுராமன் பிறகு சொன்னது: அவர் போனபோது சடையப்பன் டீக்கடையில் சுனாமி முகாமுக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தார்.

"கடலுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல போகணும்யா," என்றார் டீக்கடைக்காரர். "இங்க சுனாமி வந்திருந்தா மெட்ராஸ்ல எவன் மிஞ்சியிருப்பான்?"

விஷயத்தைக் கேட்டதும் சடையப்பன் கையை விரித்தார். ஆரணி என்றார்கள், ஆரணிக்கு வந்தாயிற்று. இறக்கிவிட்டுத் திரும்பச் சொல்லித்தான் முதலாளி உத்தரவு. பரசுராமன் வாதாடவில்லை. சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். சாப்பிட்டு முடித்ததும் குணசுந்தரி கொடுத்திருந்த தொழிற்சாலை நம்பரைப் போட்டு மொபைலை நீட்டினார்.

"அண்ணே, தப்பு என்னுதுதான்," என்றாள் முபீனா. "நாளைக்கு மண்டபத்துல கல்யாண வேல ஆரம்பிச்சுடுவாங்க. நாப்பது குடும்பம், போறதுக்கு எடம் இல்லண்ணே."

"யார் ஊட்டுக் கல்யாணம்?"

"தெரியாதுண்ணே."

"தெரியாதவங்க கல்யாணத்துக்கு இன்னும் இவ்ளோ தூரம் வரணுமா," என்றார் சடையப்பன். பிறகு, "வழி சொல்லு. மெதுவா சொல்லு. எழுதிக்கிறேன்."

ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் என்று ஒவ்வொரு திருப்பமாக, மாவட்டத்தின் பேரோடு சேர்த்து, இரண்டு முறை சொன்னாள்.

மாலை ஆறரைக்கு லாரி வந்தது. மறுநாள் காலை வாழைமரம் கட்ட வந்தவர்கள் வாசலில் காத்திருக்க, தார்ப்பாய்களோடு சனங்கள் டிராக்டர்களில் ஏறினார்கள். கனகாம்பாள் மட்டும் துடைப்பத்தோடு உள்ளே நின்றாள்.

"வாக்கா, வண்டி போவுது," என்றாள் முபீனா.

"இரு. நல்ல காரியம் நடக்கப்போற எடம், அப்டியே போட்டுட்டு வர சொல்றியா?" என்று மேடையைக் கூட்டி முடித்துவிட்டுத்தான் கனகாம்பாள் இறங்கினாள்.