உப்புப் போடாத கீரை

கல்யாணமாகி எண்ணூருக்கு வந்த மறுவருஷமே என் வீட்டுக்காரருக்குக் கால் வீங்கிவிட்டது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய மனிதர், விரலால் அழுத்தினால் குழி விழும் காலோடு வாசலில் உட்கார்ந்துவிட்டார். திருவொற்றியூர் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: "ஒரு கல் உப்பு உள்ளே போனாலும் ஆபத்தும்மா."

அன்றே உப்புப் பானையைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்தேன். ஆனால் உப்பில்லாத கஞ்சியை எந்த மகராசன் குடிப்பான்? ஒரு வாய் வைப்பார், துப்புவார். பத்தே நாளில் தோள் எலும்பு துருத்திக்கொண்டது. எனக்குக் கோபம் வரும். அது போனால் அழுகை வரும்.

பக்கத்து வீட்டு மீன்காரக்கா பொறுக்க மாட்டாமல் சொன்னாள்: "உமிரிக்கீரை ஆக்கிக் குடேன். ஓடைக்கரை பூரா மொளைச்சுக் கீது. அதுக்கு நாங்க உப்பே போட மாட்டோம். அப்பவும் ருசியாத்தான் இருக்கும்."

நான் வியாசர்பாடிப் பெண், உமிரியைக் கண்டேனா? குச்சி குச்சியாக, சதைப்பிடிப்பாக, சிவப்பேறிய இலை. உருவி, வேகவைத்து, பருப்போடு கடைந்தேன். அவர் தட்டை வழித்து வழித்துத் தின்றார். "கை மணக்குதுமே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்தடுத்து நாலு நாள் அதையே ஆக்கினேன். நானும்தான் ருசி பார்த்தேன், பாழாய்ப் போன நாக்கு! பானை உப்பு சேராதவரை பயமில்லை என்றே இருந்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் அவருக்கு முகமெல்லாம் வீங்கி, மூச்சு வாங்கியது. ஜட்காவில் போட்டு டாக்டரிடம் ஓடினேன்.

"உப்புப் போட்டியா?"

"எந்தாலி மேல சத்தியமா போடலீங்க."

மத்தியானத்துக்கென்று தூக்கில் எடுத்துப் போன கீரையைக் காட்டினேன். ஒரு துளி நாக்கில் வைத்தவர் முகத்தைச் சுளித்தார். "உப்புத்தண்ணியில வளர்ற செடிம்மா இது. இலைக்குள்ளயே உப்பு இருக்கே!"

வெளியே பெஞ்சில் சாய்ந்திருந்த அவர் காதில் இது விழவில்லை. ஆசையாகத் தின்ற அந்தக் கீரைதான் கெடுத்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?

டாக்டர் ஊசி போட்டு, மூச்சு அடங்கியதும் வீட்டுக்கு அழைத்து வந்தேன். மறுநாள் வெறுங்கஞ்சியை வைத்தேன்.

"கீரை எங்கமே?"

"கெடைக்கல."

அவர் வாசல் வழியே ஓடைக்கரையைப் பார்த்தார். கண்ணுக்கெட்டிய மட்டும் உமிரிதான்.

"எனுக்கு ஆக்கிப் போட அலுத்துப்பூட்ச்சா?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.