நீலாம்பாளின் நாக்கு

மட்டாஞ்சேரியில் நீலாம்பாள் அளவுக்குத் தேயிலை தெரிந்தவர் யாரும் இருந்ததில்லை என்று சொன்னால், வெலிங்டன் தீவில் டை கட்டிக்கொண்டு திரிந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் சிரித்த சிரிப்பில்தான் அவள் கதை இப்படி ஆயிற்று.

அவள் கணவர் ராமபத்ரன் தீவில் ஒரு தேயிலைத் தரகுக் கம்பெனியில் சாம்பிள் ரூம் குமாஸ்தா. வாரத்துக்கு ஒரு ஏலம். அதற்கு முன்னால் ஒவ்வொரு தோட்டத்துத் தேயிலையிலும் ஒரு பிடி எடுத்து டப்பாவில் போட்டு, நம்பர் ஒட்டி, வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து வெந்நீர் ஊற்றி, தலைமை டேஸ்டர் குருவிளா சார் வந்து ருசி பார்ப்பதற்குத் தயாராக வைப்பது அவர் வேலை. ஏலம் முடிந்தபின் மிஞ்சும் சாம்பிளைப் பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போகலாம். 1971-இல் அப்படித்தான் முதல் பொட்டலம் வீடு வந்து சேர்ந்தது.

வரக்கூடாத வீட்டுக்கு வந்தது. பாலக்காட்டிலிருந்து வந்து குடியேறிய ஐயர் குடும்பம். காலையில் டிகாக்ஷன் இறங்காவிட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். மாமியார் மீனாக்ஷியம்மாளைப் பொறுத்தவரை சாயா என்பது படகுத்துறையில் மூட்டை தூக்குகிறவர்கள் குடிப்பது. பொட்டலத்தைக் கையால் தொடாமல் துடைப்பக்கட்டையால் தள்ளிவிட்டாள். நீலாம்பாள் அதை எடுத்து அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தாள். மாமியார், மைத்துனர்கள் இருவர், கணவர் என்று எல்லாரும் குடித்தபிறகு அவளுக்கு மிஞ்சுவது காப்பி வண்டலைக் கழுவிய தண்ணீர். அதற்கு இது எவ்வளவோ மேல் என்று நினைத்தாள்.

மேல் மட்டுமல்ல. அவள் வாழ்க்கையில் அவளுக்கென்று கிடைத்த ஒரே சுகம் அதுதான். பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. சின்னச் சொம்பில் கொதிக்கும் நீர், ஒரு சிட்டிகை இலை, மேலே ஒரு தட்டு. வண்டிப்பெரியாற்றுத் தேயிலை கறுத்துக் கனத்து நாக்கை அழுத்திப் பிடிக்கும். மூணாற்று உயரத்தில் விளைந்தது சுறுசுறுவென்று ஏறி, காதோரம் வரை விழிக்க வைக்கும். நீலகிரி உச்சியில் பனிக்காலத்தில் கிள்ளிய இலை வாயில் இருக்கும்போது ஒன்றுமே சொல்லாது. விழுங்கியபிறகு, நாம் அதை மறந்தபிறகு, தொண்டையிலிருந்து ஒரு பூமணம் மெல்ல எழுந்து வரும். அந்த மணம் வரும்போது அவள் கண்ணை மூடிக்கொள்வாள்.

ஆனால் சூடாகக் குடிக்கக் கொடுத்து வைத்தது அபூர்வம். மாமியார் கோயிலுக்குப் போன நாளில் மட்டும். மற்ற நாட்களில் எல்லாருக்கும் பரிமாறி, பாத்திரம் ஒதுக்கி, அவள் வந்து உட்கார்வதற்குள் சொம்பு ஜில்லிட்டிருக்கும். அப்படித் தினமும் ஆறியதைக் குடித்துக் குடித்துத்தான் டேஸ்டர்களுக்கே தெரியாத ஒன்று அவளுக்குத் தெரிந்தது. கனமான தேயிலை ஆறினால் பால் சிந்தியதுபோல் கலங்கிவிடும். நீலகிரி இலையில் சிலது மட்டும் எத்தனை நேரம் கிடந்தாலும் சொம்பின் அடி பளிச்சென்று தெரியும்.

ஒருநாள் பேச்சுவாக்கில், இந்த வாரத்துப் பொட்டலமும் போன மாதத்து எட்டாம் நம்பரும் ஒரே தோட்டம்தானே என்று கேட்டாள். பொட்டலத்தில் தோட்டத்தின் பெயர் கிடையாது, நம்பர் மட்டும்தான். ராமபத்ரன் ஆபீஸில் பேரேட்டைப் புரட்டிப் பார்த்தார். சரியாக இருந்தது. அன்றிலிருந்து அவர் அவளை விடவில்லை.

விடாததற்குக் காரணம் உண்டு. குருவிளா சார் அவர் கையில் ஒரு கரண்டியைக் கொடுத்து, நீயும் ருசி பார்த்துப் பழகு, தேறினால் அசிஸ்டென்ட் டேஸ்டர் ஆகலாம் என்று சொல்லியிருந்தார். டேஸ்டர் மேஜையின் வழக்கம் என்னவென்றால், மேஜையைச் சுற்றி நிற்கும் ஐந்து பேரும் ஒரே கோப்பையில் ஆளுக்கொரு கரண்டி விட்டு, சர்ரென்று உறிஞ்சி, பக்கத்திலிருக்கும் பெரிய எச்சிற்படிக்கத்தில் துப்பிவிட்டு, அதே கரண்டியை அடுத்த கோப்பையில் விடுவார்கள். பிறத்தியார் குடித்த டம்ளரைத் தொட்டாலே கை கழுவும் வீட்டில் பிறந்தவருக்கு அது எப்படி இறங்கும்? ராமபத்ரன் உதட்டை இறுக மூடிக்கொண்டு, கரண்டியை வாயருகே கொண்டுபோய், சத்தத்தை மட்டும் கொடுத்தார். சத்தம் பிரமாதமாக இருந்தது. ஒரு சொட்டு உள்ளே போனதில்லை.

ஆகவே மறுநாள் மேஜைக்கு வரப்போகும் சாம்பிளில் ஒவ்வொரு சிட்டிகையை முதல்நாளே காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். நீலாம்பாள் அண்ணாந்து ஊற்றிக் குடித்துப் பார்த்துச் சொல்வாள். அவர் அதைப் படகில் போகும்போது மனப்பாடம் செய்வார். மேஜையில் சத்தம் கொடுத்துவிட்டு ஒப்பிப்பார். குருவிளா சாருக்கு ஒரே ஆச்சரியம். ராமபத்ரனுக்கு நாக்கு இருக்கிறது என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சாயிற்று.

1974-இல் அமெரிக்காவிலிருந்து ஒரு கம்பெனி கடிதம் எழுதியது. அவர்கள் தேயிலைநீரில் ஐஸ் போட்டுக் குடிக்கிறவர்கள். அதற்கேற்ற இலை வேண்டும். குருவிளா சார், ஐஸ் கரைந்தாலும் ருசி நிற்க வேண்டுமே என்று, இருப்பதிலேயே கனமான தேயிலையாகப் பார்த்து இரண்டு தடவை அனுப்பினார். கண்ணாடி டம்ளரில் ஊற்றினால் குட்டைத் தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று இரண்டு தடவையும் பதில் வந்தது. சரியான இலையைக் கண்டுபிடிப்பவருக்கு அசிஸ்டென்ட் டேஸ்டர் வேலை என்று அறிவித்துவிட்டார். ராமபத்ரன் ஏழு பொட்டலங்களோடு வீட்டுக்கு வந்தார்.

நீலாம்பாள் அவற்றை ஒவ்வொன்றாக மோந்து பார்த்துவிட்டு, கல்யாணமான நாளிலிருந்து முதல்தடவையாகக் கணவரிடம் ஒன்று கேட்டாள்.

"பாத்துச் சொல்றேன். ஆனா இது சரியாச்சுன்னா, நானாக்கும் சொன்னதுன்னு சார்கிட்டே சொல்லணும். என் பேரைச் சொல்லணும்."

"சொல்றேண்டி. சத்தியமாச் சொல்றேன்."

ஐஸுக்கு எங்கே போவது? மீன்துறைக்கென்று ஐஸ் அடிக்கும் தோப்பும்படிதான் கதி. மரத்தூளும் சாக்குமாய் ஒரு பாளம் வந்து கொல்லையில் இறங்கியது. அந்தச் சாக்கு அதற்கு முந்தின நாள் எதைச் சுமந்தது என்பதை மீனாக்ஷியம்மாளின் மூக்கு நடு அறையிலிருந்தே கண்டுபிடித்துவிட்டது. ஐயர் வீட்டுக்குள் மீன் ஐஸ். அன்று வீடு பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மாமியார் இரண்டு தடவை குளித்தாள், மருமகளை மூன்று தடவை குளிக்க வைத்தாள். ஈரப்புடவையோடு நீலாம்பாள் ஏழு சொம்புகளையும் ஐஸ் தூளில் புதைத்து வைத்துவிட்டுக் காவல் இருந்தாள். மீன்வாடை உள்ளே போகாதபடி ஒவ்வொரு சொம்பின் வாயையும் மாவு பிசைந்து அடைத்திருந்தாள். மதியத்துக்குத் திறந்து பார்த்தபோது ஆறு சொம்புகள் கலங்கியிருந்தன. நாலாம் பொட்டலம் மட்டும் தெளிவாக நின்றது. ஒரு வாய் ஊற்றிக்கொண்டாள். பல் கூசும் குளிரிலும் அந்தப் பூமணம் தொண்டையிலிருந்து எழுந்து வந்தது. கொல்லையில் அவள் தனியாகச் சிரித்தாள்.

இரண்டு மாதத்தில் அமெரிக்காவிலிருந்து சம்மதம் வந்தது. ராமபத்ரன் அசிஸ்டென்ட் டேஸ்டர் ஆனார். குருவிளா சார் இருவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தீவிலிருந்த தன் பங்களாவுக்குக் கூப்பிட்டார். நீலாம்பாள் கூறைப்புடவையைக் கட்டிக்கொண்டு படகேறினாள். இன்று சொல்வார் என்று அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது. இல்லாவிட்டால் அவளை எதற்குக் கூட்டிப்போக வேண்டும்?

சாரின் மனைவி உயரமான கண்ணாடி டம்ளரில் ஐஸும் எலுமிச்சைத் துண்டுமாகக் கொண்டுவந்து, விருந்தாளி என்று முதல் டம்ளரை நீலாம்பாளிடம் நீட்டினாள். முதல் டம்ளர் தன் கைக்கு வருவது அவளுக்குப் பழக்கமில்லாத சங்கதி. ஒரு கணம் திகைத்துவிட்டாள். குடித்தாள். அவளுடைய நாலாம் பொட்டலம்தான். ஊறவைத்த நேரம் கொஞ்சம் அதிகம், அதனால் ஓரத்தில் ஒரு கசப்பு. அதையும் அவள் கவனித்தாள்.

எப்படியய்யா கண்டுபிடித்தாய், வீட்டிலும் ருசி பார்த்துப் பழகுவாயோ, உன் சம்சாரமும் கூட இருப்பாளோ என்று சார் கேட்டார். கேள்வி அவளுக்காகவே வந்ததுபோல் வந்தது. நீலாம்பாள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இவளா?" என்றார் ராமபத்ரன். "இவ காப்பிக் கட்சியாக்கும் சார். சாயாவுக்கும் வெந்நீருக்கும் வித்யாசம் தெரியாது."

எல்லாரும் சிரித்தார்கள். நீலாம்பாளும் சிரித்தாள். சிரிக்காமல் இருக்க அவளுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

திரும்பும் படகில் அவரே சமாதானம் சொன்னார். பொண்டாட்டி சொல்லித் தந்ததை ஒப்பிக்கிறான் என்று பெயர் வந்தால் உத்தியோகம் நிற்குமா என்றார். அதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, பேசாமல் இருந்திருக்கலாமே. சத்தியத்தை விழுங்கியதோடு நிறுத்தியிருக்கலாமே. வெந்நீர் என்று ஏன் சொல்ல வேண்டும்?

பாத்திரம் தேய்க்க வரும் மாடத்தி பகலில் பஜார் கிடங்கில் இஞ்சி புடைக்கிறவள். எந்நேரமும் அவள் கடைவாயில் புகையிலை இருக்கும். மறுநாள் காலை நீலாம்பாள் அவளிடம் ஒரு துண்டு கேட்டாள். "உங்களுக்கெதுக்கும்மா இந்தக் கருமம்?" என்று மாடத்தி கேட்டும் கை நீட்டியபடி நின்றாள். பொட்டலத்தைப் பிரித்தால் மணம் வரும். மணம் வந்தால் வாய் தானாகச் சொல்லிவிடும். அந்த வாயை அவள் நம்பவில்லை; புகையிலை போட்டால் நாக்கு மரத்துப்போகும். போட்ட முதல் நாள் கிணற்றடியில் குடல் வெளியே வரும்படி வாந்தியெடுத்தாள். ஓணம் வருவதற்குள் வெற்றிலையும் சுண்ணாம்பும் புகையிலையுமாக அது அவளுக்கு நிரந்தரமாகிவிட்டது.

அந்த முதல் வாரமே ஒரு சாயங்காலம் ராமபத்ரன் மடித்த காகிதங்களை நீட்டியபோது அவள் வாயில் அது இருந்தது.

"எனக்கு வித்யாசம் தெரியாதுன்னு நீங்களாக்கும் சொன்னது," என்றாள்.

அவர் கெஞ்சினார், அதட்டினார், தன் அம்மாவை விட்டுச் சொல்லவைத்தார். பிறகு மேஜையில் தானாகவே குத்துமதிப்பாகச் சொல்ல ஆரம்பித்தார். நல்லதைச் சொத்தை என்றார், சொத்தையை நல்லது என்றார். சத்தம் மட்டும் பழையபடி பிரமாதமாக வந்துகொண்டிருந்தது. இரண்டே வருஷத்தில் குருவிளா சார் கரண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவரைச் சாம்பிள் ரூமுக்கே அனுப்பினார். அவர் மீண்டும் கோப்பை வரிசை வைத்தார்.

நீலாம்பாள் ஜெயித்தாள் என்று சொல்வீர்களானால் உங்களுக்கு விவரம் போதாது. அலமாரியின் கீழ்த்தட்டில் பொட்டலங்கள் சேர்ந்துகொண்டே இருந்தன. அவள் அந்தப் பக்கமே போகவில்லை. கணவரைத் தண்டிக்கத் தன் ஒரே சுகத்தை எடுத்துக் கொடுத்தாள். அவர் இழந்தது ஒரு உத்தியோகம், அவ்வளவுதான்.

1988-இல் ராமபத்ரன் ரிட்டையர் ஆனார். மாமியார் போய்விட்டாள், மைத்துனர்கள் பம்பாயில். வீட்டில் இருவர் மட்டும். கடைசி நாள் சாயங்காலம் ஒரு சின்னப் பொட்டலத்தோடு வந்தவர், அவளை நகரச் சொல்லிவிட்டுத் தானே அடுப்பைப் பற்றவைத்தார். வெந்நீர் கொதிக்க வைத்தார், இலை போட்டார், தட்டால் மூடினார், வடிகட்டினார். தனக்கு ஊற்றிக்கொள்ளாமல் ஆவி பறக்கும் முதல் டம்ளரை அவள் முன்னால் வைத்தார்.

"அன்னிக்கு சார்கிட்டே சொல்லியிருக்கணும். நீயாக்கும் கண்டுபிடிச்சதுன்னு. தப்பு என்னோடதுதான்," என்றார். "இது எந்தத் தோட்டம்னு சொல்லேன். உன் வாயால ஒரு தடவை கேக்கணும்."

பதினாலு வருஷமாக அவள் காத்திருந்த வார்த்தை. அவள் எழுந்துபோய் வாயைக் கொப்பளித்தாள். இரண்டாவது தடவையும் கொப்பளித்தாள். வந்து உட்கார்ந்து அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள். சூடு தெரிந்தது. விழுங்கினாள். கண்ணை மூடிக் காத்திருந்தாள். தொண்டையிலிருந்து ஒன்றும் எழவில்லை. இன்னொரு வாய். அதுவும் வெறும் சூடு.

"எனக்குத் தெரியலே," என்றாள்.

ராமபத்ரன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னும் கோவம் போகலை இல்லையா? செரி," என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவள் அடுக்களையிலேயே இருந்தாள். விளக்கேற்றும் நேரமாயிற்று. டம்ளரில் மிச்சமிருந்தது ஆறி ஜில்லிட்டது. விளக்கைப் பக்கத்தில் நகர்த்தி எட்டிப் பார்த்தாள். கலங்கவில்லை. டம்ளரின் அடி பளிச்சென்று தெரிந்தது. நீலகிரி உச்சி, பனிக்கால இலை, அந்த நாலாம் பொட்டலத்துத் தோட்டமேதான்.

இப்போது போய்ச் சொன்னால், அப்போதே தெரிந்திருந்தும் சொல்லாமல் இருந்தாள் என்றுதான் அவர் நினைப்பார். நாக்கு போய்விட்டது, கண்ணால்தான் பார்த்தேன் என்றால் நம்ப மாட்டார். அவள் இருந்த இடத்திலேயே அதைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.