அக்காவுக்கு எதிரே விரித்த சாக்கு

தலைச்சோலைப் பக்கத்து எஸ்டேட்டின் கொட்டகையில் காப்பிக்கொட்டை பொறுக்குவதற்கு ஒரு முறை உண்டு. ஒரு குவியலுக்கு இரண்டு பெண்கள். எதிரெதிரே சாக்கு விரித்து உட்கார்ந்து, கறுத்ததையும் உடைந்ததையும் ஒதுக்க வேண்டும். ஒருத்தி விட்டதை மற்றவள் எடுப்பாள். ஜோடி இல்லாதவளுக்குக் குவியல் கிடையாது.

அக்கா அந்தக் கொட்டகையில் ஆறு மாதமாக உட்கார்ந்திருந்தாள். அதற்கு முன் இரண்டு வருடம், யார் யாரோ பேசுவதாகச் சொல்லிக் காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தவள். பூசாரியின் வேப்பிலையும் சாட்டையும் ஓய்ந்தபின், சேலத்தில் படித்துக்கொண்டிருந்த நான்தான் ஒரு மனநல டாக்டரைத் தேடிப்பிடித்துக் கூட்டிப்போனேன். மாத்திரை கேட்டது. மாதாமாதம் பஸ் ஏறும்போது, கேட்டவர்களிடம் வயிற்றுப்புண் என்று சொல்லிவைத்தோம்.

எனக்கு அது போதவில்லை. இது பேயல்ல, நோய்தான் என்று ஊருக்கே புரியவைத்துவிட வேண்டும் எனத் துடித்தேன். டாக்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் வந்து பேச ஒப்புக்கொண்டார். மாரமங்கலம் வரை நடந்து ஆள் சேர்த்தேன். கூட்டமும் வந்துவிட்டது. ஆனால் மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் நின்றுபோனது. டாக்டர் வரவில்லை. நானே எழுந்து பேசினேன்.

"ஏனுங்க, மாத்திரை தின்னா பேய் எறங்கீருமாக்கும்?" என்றார் ஒருவர்.

"காலேஜு படிச்ச புள்ள சொல்லுது, கேட்டுக்கங்க. அடுத்த பூசைக்குக் கம்பவுண்டரக் கூப்புட்டுக்கலாம்" என்றாள் அக்காவின் ஜோடிக்காரி. எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சூடேறிவிட்டது. "ஆறு மாசமா உங்க எதுக்கால உக்காந்து கொட்டை பொறுக்கறது யாருங்க? எங்கக்காதான. மாத்திரை தின்னுட்டுத்தான் வருது. ஒரு நாளாவது தப்பா நடந்துச்சுங்களா?"

சிரிப்பு நின்றது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கடைசி வரிசையில் அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

மறுநாள் ஜோடிக்காரியின் சாக்கு வேறொரு குவியலுக்குப் போயிருந்தது. அங்கே மூன்று பேர். அக்கா தன் சாக்கில் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஆட்களுக்குக் குவியல் பிரித்துக்கொடுக்கும் ரைட்டரிடம் ஓடினேன்.

"நான் சொன்னா கேக்க மாட்டீங்கறாளுக கண்ணு. எதுக்கால உக்காந்தா தொத்திக்குமாம். நாலு நாள் போவட்டும்" என்றார்.

நானே ஒரு சாக்கை விரித்து அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தேன். அவள் கொட்டையைத் தொடவில்லை.

"எந்திரி சாமி. நீ உக்காந்தீன்னா இனி ஒருத்தியும் வரமாட்டா."

நான் எழவில்லை. அவள்தான் எழுந்து போனாள்.

அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டாள். "மாத்திரை தின்னாத்தான பைத்தியம்? இல்லீன்னா வெறும் வயித்துப்புண்ணுதான?" என்று கேட்டாள்.

ஜோடிக்காரியின் வீட்டுக்குப் போய்க் கெஞ்சினேன். எனக்குக் காப்பி கொடுத்து உட்காரவைத்தாள். "உங்கக்கா நொம்ப நல்லவ கண்ணு. எனக்குத் தெரியாதா? ஆனா எம்புள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கறோம். அவளோட உக்காந்தவன்னு எங்க ஊட்டுக்கும் பேராயிரும். நீ கூட்டத்துல சொல்லாம இருந்திருந்தா நானும் தெரியாத மாதிரியே இருந்திருப்பன்."

அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் ஆறு மாதம் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

இரண்டு வாரத்தில் அக்கா மறுபடி காதைப் பொத்த ஆரம்பித்தாள். சேலத்துக்கு வரச் சொன்னால் கட்டில்காலைப் பிடித்துக்கொண்டாள். நான் தனியாகப் போய் நின்றேன். ஆளைக் கூட்டி வா என்றார் டாக்டர். பழைய சீட்டைக் காட்டி அதே மாத்திரையை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

"பேசறாங்க" என்றாள் அக்கா.

"யாருக்கா?"

"எல்லாருந்தான். நீதான மொதல்ல பேசுன."

என் ஒரு கையில் மாத்திரை, ஒரு கையில் தண்ணீர். அவள் வாயைத் திறக்கவில்லை.