பன்னிரண்டாவது சிரட்டை

கேஸ் அடுப்பின் குமிழைத் திருகினேன், தானாகப் பற்றிக்கொண்டது. நான் யாரிடமும் பேசி இன்றோடு நான்கு நாள்.

என் சிறுவயதில், இரண்டாம் உலக யுத்தகாலத்தில், மதுரையில் தீப்பெட்டிக்குத் தட்டுப்பாடு. எங்கள் சந்தின் மற்ற பன்னிரண்டு வீட்டாரும் காலையில் எங்கள் அடுப்பிலிருந்து தேங்காய்ச் சிரட்டையில் கங்கு வாங்கிப் போவார்கள். தனியாக வசித்த மாடசாமி கடைசியில் வருவார், வாய் திறக்கமாட்டார். ஒருநாள் எண்ணினேன், பதினொரு சிரட்டைதான்.

"மாடசாமி அண்ணனைக் காணோமேடா!" என்று அம்மா ஓடினாள். கதவை உடைத்தார்கள். காய்ச்சலில் நினைவின்றிக் கிடந்தார். அங்கேயே கஞ்சி வைக்கப் போன அம்மா, மாடத்தில் ஏழு தீப்பெட்டிகளைப் பார்த்தாள்.

அவர் கண்விழித்ததும், "இம்புட்டையும் வச்சுக்கிட்டா தெனமும் கங்குக்கு வந்தீக?" என்றாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் சர்க்கரை டப்பா நிறைந்திருக்கிறது. வெறும் கிண்ணத்தோடு போய் எதிர்வீட்டு மணியை அழுத்திவிட்டு எண்ணத் தொடங்கினேன். பதினேழில் தாழ்ப்பாள் அசைந்தது.