காளியாயி அக்காவின் பாதி வீடு

சாகும்போது தன் வீட்டு வாசலிலிருந்து போக வேண்டும் என்பதற்காகவே காளியாயி அக்கா வீடு வாங்கினாள்.

அவள் கணவர் 1958இல் ஆஸ்பத்திரியில் இறந்தார். காரைக்குடியில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்கு உடல் வந்தபோது, வீட்டுக்காரர் தெருவிலேயே வண்டியை மறித்தார். "பிள்ளகுட்டி இருக்கிற எடம். நேரா சுடுகாட்டுக்குக் கொண்டுபோயிருங்க." ஒரு மாத வாடகைகூட நிறுத்தி வைக்காதவள் அக்கா. குளிப்பாட்டக்கூட இடமில்லாமல் அவள் கணவர் போய்ச் சேர்ந்தார்.

அக்காவுக்குப் பிள்ளையில்லை. கல்லூரி விடுதியில் சமையல் வேலை. ஐந்து வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, 1963இல் பெத்தன் என்பவரிடம் ஒரு ஓட்டு வீடு வாங்கினாள். வில்லங்கம் போட்டுப் பார்த்தாள், அடமானம் ஏதுமில்லை. பத்திரமும் தன் பேரிலேயே. இவ்வளவு விவரமானவள் ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள். அது பெத்தனின் அப்பா கட்டிய வீடு. பர்மாவிலிருந்த அண்ணனுக்கும் அதில் பாதி உண்டு.

"அண்ணன் அங்கனயே தங்கிட்டாக. இனி எங்க வரப்போறாக?" என்றார் பெத்தன். ரங்கூனுக்கு எழுதிக் கையெழுத்து வாங்க மூன்று மாதமாகுமாம். அக்காவால் அதுவரை பொறுக்க முடியவில்லை.

1966இல் அண்ணனின் விதவை பொன்னழகு, எட்டு வயது மகளோடு அகதியாகக் கப்பலில் வந்து இறங்கினாள். பெத்தன் பணத்தோடு எங்கோ போய்விட்டிருந்தார். நான்கு வருடம் கோர்ட்டுக்கு நடந்து, கடைசியில் வீடு இரண்டாகப் பிரிந்தது. சீட்டுக் குலுக்கியதில் வாசலோடு முன்கட்டு பொன்னழகுக்குப் போனது. அக்காவுக்குப் பின்கட்டும், ஒருவர் ஒருக்களித்து நடக்கும் சந்தும் மிஞ்சின.

1972இல் நான் வீடு பார்ப்பது தெரிந்து, நான் வேலைபார்த்த பள்ளிக்கூடத்துக்கே அக்கா வந்துவிட்டாள்.

"டீச்சர், வீடு வாங்கப் போறீகளாமே? விக்கிறவுகள அப்பறம் பாருங்க. ஊர்ல இல்லாத பங்காளி யாருன்னு மொதல்ல விசாரிங்க. பொறந்த பொண்ணுகளயும் கேளுங்க. அத்தன பேரு கையெழுத்தும் வராம முழுப்பணத்தக் குடுத்துறாதீக."

எனக்கு விற்றவருக்கும் பினாங்கில் ஒரு தம்பி இருந்தான். கையெழுத்து வர ஐந்து மாதமாயிற்று. நான் சலித்துக்கொண்டபோதெல்லாம், "பொறுங்க டீச்சர்" என்று அதட்டினாள்.

1976 ஆவணியில் அக்கா ஆஸ்பத்திரியில் இறந்தாள். சந்தில் பாடை நுழையாது. முன்வாசலில் பொன்னழகின் மகளுக்குப் பந்தக்கால் ஊன்றியிருந்தது, மறுநாள் கல்யாணம். "நான் என்ன செய்வேன் டீச்சர்? மன்னிச்சுக்கங்க," என்று பொன்னழகு தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளை எப்படிக் கோபிப்பது?

வண்டியை என் வீட்டுக்குத் திருப்பச் சொன்னேன். என் முற்றத்தில் குளிப்பாட்டி, என் வாசலிலிருந்து அனுப்பி வைத்தோம். ஊரில் எல்லோரும் என்னைப் புண்ணியவதி என்றார்கள். எனக்கோ நெஞ்சு ஆறவில்லை. அவள் சொல்லி வாங்கிய வீடுதான். ஆனாலும் அது என் வாசல். அவள் கேட்டது அவளுடையதை.