இரண்டு பேர் சொன்ன அளவு

என் அக்காவின் கணவர் யாரிடமும், எதற்கும், முடியாது என்று சொல்கிறவர் இல்லை. இதைப் பெருமையாகச் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவரோடு ஒரே வீட்டில் இருந்து, ஒரே தொழிலில் மாட்டிக்கொண்டு, அந்த நல்ல குணத்தின் பலனையெல்லாம் அனுபவிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். அத்தான் கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் எங்களுக்கு இவ்வளவு கஷ்டம் வந்திருக்காது.

முடிவெட்டுகிறவர் "இன்னும் கொஞ்சம் எடுக்கட்டுமா?" என்று கேட்டால் சரி என்பார். அவர் கேட்பதை நிறுத்துகிறவரை இவர் சரி சொல்வதை நிறுத்தமாட்டார். வருஷத்தில் பாதி நாள் மொட்டைத்தலையோடுதான் திரிவார். தவறான எண்ணுக்குப் போன் செய்தவர்களிடம்கூட "பரவாயில்ல, சொல்லுங்க" என்பார். அவர்களும் உட்கார்ந்து சொல்வார்கள். அவருடைய தம்பி நாற்காலி மேஜை வியாபாரம் செய்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் வேனைக் கேட்டு வந்து நிற்பான். வேன் போகும்போது டீசல் டாங்கி நிறைந்திருக்கும், வரும்போது காய்ந்திருக்கும்.

"ஒரே ஒரு தடவை, யார்கிட்டயாவது, முடியாதுன்னு சொல்லுங்க" என்று அக்கா கெஞ்சுவாள். "காது குளிரக் கேட்டுட்டு நிம்மதியா கண்ணை மூடிடறேன்."

"சரி" என்பார் அத்தான்.

எங்களுடையது சலவைக்கடை. முன்னறையில் இஸ்திரி மேஜை, நடு அறையில் மூன்று பெரிய இயந்திரங்கள், பின்கட்டில் கொடிகள், மாடியில் குடித்தனம். துவைப்பது அக்கா. தேய்த்து மடிப்பது நான். வேனில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுப்பது அத்தான். பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றின் படுக்கை விரிப்புகள்தான் எங்கள் வேலையில் பெரும்பங்கு. அந்த ஒரு இடம் கைவிட்டுப் போனால் இரண்டு இயந்திரங்களை மூடிப்போட்டுவிட்டு நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

விரிப்புகளோடு போய்க்கொண்டிருந்த ஒரு காலையில்தான் இந்தச் சனியன் பிடித்தது. வேனில் நானும் இருந்தேன். முன்னால் போன பழைய சாம்பல் நிறக் காரின் புகையில் உருளைக்கிழங்கு பொரிக்கிற வாசனை மூக்கைத் துளைத்தது. அத்தான் கண்ணாடியை இறக்கி மூச்சை இழுத்தார்.

"அத்தான், ஆஸ்பத்திரி இடது பக்கம்."

"தெரியும் மச்சான். வாசனை வலது பக்கம் போகுது."

ஊரைச் சுற்றி அந்தக் காரின் பின்னாலேயே போனார். கடைசியில் காரை ஓட்டியவர் பொறுமை இழந்து ஓரமாக நிறுத்தி, கையில் ஸ்பேனரோடு இறங்கினார்.

"எதுக்குய்யா என் பின்னாடியே வர்ற?"

"உங்க வண்டியில பொரிச்ச வாசனை வருது" என்றார் அத்தான், ஏதோ பூவைப் பற்றிச் சொல்பவர் மாதிரி.

எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்த அந்த முகம் ஒரு நொடியில் மலர்ந்துவிட்டது. "அட, வாங்க உள்ளே!" என்று பக்கத்திலேயே இருந்த தன் கொட்டகைக்கு அழைத்துப் போனார். மனிதர் தொழிலால் குழாய் பொருத்துகிறவர். ஓட்டல்களில் பொரித்து மிஞ்சிய கறுப்பு எண்ணெயை வாங்கி, வீட்டிலேயே வண்டிக்கு எரிபொருள் காய்ச்சுகிற கிறுக்கு அவருக்கு. எண்ணெயை வடிகட்டிச் சூடாக்கித் தண்ணீரைப் போக்க வேண்டுமாம். மெத்தனாலில் காஸ்டிக் சோடாவைக் கரைத்து அதில் கலக்க வேண்டுமாம், காஸ்டிக் அளவு மீறினால் எல்லாம் சோப்பாகிவிடுமாம். ஒரு ராத்திரி விட்டால் கெட்டியான கசடு அடியில் தங்கும், மேலே தேன் நிறத்தில் நிற்பதுதான் பயோடீசல். இதையெல்லாம் அவர் விளக்கி முடிப்பதற்குள் ஆஸ்பத்திரியில் விரிப்பில்லாமல் தவித்துப் போனார்கள். தலைமை நர்ஸ் எங்களை வாசலிலேயே நிறுத்தி, இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு சலவைக்காரரைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அத்தான் அதற்கும் சரி என்றார்.

அதிலிருந்து சனிக்கிழமை தோறும் அந்தக் கொட்டகையே கதி என்று கிடந்தார். அங்கே இந்தக் கிறுக்கு உள்ளவர் இன்னொருவரும் வருவார். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா. எண்ணெயைக் கண்ணாடிக் குப்பியில் எடுத்து, சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு, நிறம் மாறும் இடத்தைப் பார்த்துத்தான் காஸ்டிக் அளவைச் சொல்வார். குழாய்க்காரர் எண்ணெயை முகர்ந்து பார்த்து, விரலில் தேய்த்து, கைக்கணக்காகச் சொல்வார். இரண்டு பேர் காய்ச்சிய எரிபொருளிலும் வண்டி நன்றாகத்தான் ஓடியது. ஆனால் ஒருவர் கணக்கை ஒருவர் ஒத்துக்கொள்வது கிடையாது.

"சொட்டு விட்டுட்டே இருங்க. அதுக்குள்ள நான் அடுத்த ஊருக்குப் போயிட்டு வந்துடுவேன்" என்பார் குழாய்க்காரர்.

"போங்க. திரும்பி வர்றப்ப வண்டியைத் தள்ளிக்கிட்டு வருவீங்க" என்பார் அந்த அம்மா.

நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அத்தான் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருப்பார். ஒருமுறை அழைத்துவரப் போயிருந்தேன். எங்கள் வீட்டில் வாய்திறந்து பத்து வார்த்தை பேசாத மனிதர், அங்கே கசடைப் பற்றிக் கை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. ஆனால் வந்த எரிச்சல்தான் பெரிது.

பிறகு பின்கட்டில், அக்காவின் கொடிகளுக்குக் கீழே, ஒரு டிரம் வந்து உட்கார்ந்தது. வெள்ளைத் துணி காயும் இடத்தில் கறுப்பு எண்ணெய். அக்கா கரடியாகக் கத்தினாள். அவர் காதில் போட்டுக்கொண்ட மாதிரியும் இருந்தது, போட்டுக்கொள்ளாத மாதிரியும் இருந்தது. டிரம் மட்டும் நகரவில்லை.

முதல் டிரம்முக்கு அத்தான் எண்ணெய் மாதிரியை இரண்டு பேரிடமும் காட்டினார். குழாய்க்காரர் ஒரு அளவு சொன்னார். அந்த அம்மா ஒரு அளவு சொன்னார். வேறு எந்த மனிதனாக இருந்தாலும் இரண்டில் ஒன்றைப் போட்டிருப்பான். அத்தானுக்கு ஒருவர் சொன்னதை விட்டால் அவர் மனசு நோகுமே என்று பயம். இரண்டு பேர் சொன்ன அளவையும் சேர்த்துப் போட்டுவிட்டார்.

காலையில் மூடியைத் திறந்தால் டிரம் முழுக்கக் கூழ். அக்கா கரண்டியால் ஒரு விள்ளல் எடுத்துப் பார்த்தாள். சோப்பைக் கண்டால் அவளுக்குத் தெரியாதா?

"ஊர் சோப்பெல்லாம் வாங்கித் துணி துவைக்கிற வீட்டுல, துணிக்கு ஆகாத சோப்பு ஒரு டிரம் செஞ்சு வச்சிருக்காரு உங்க அத்தான்" என்றாள் என்னிடம். அவர் மேல் கோபம் வந்தால் அவர் என் அத்தான் ஆகிவிடுவார்.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்த நேரம் பார்த்துக் குழாய்க்காரர் போன் செய்தார். "என்னய்யா, வண்டிக்கு ஊத்தியாச்சா?" என்று ஆசையாகக் கேட்டிருக்கிறார். அவர் ஆசையைக் கெடுக்க மனம் வராமல் இவர் "ஆச்சு" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அது பொய்யாகப் போகிறதே என்ற உறுத்தல். கூழின் மேல் தெளிவாகத் தெரிந்ததை ஒரு கேனில் இறுத்து, எங்களிடம் மூச்சுவிடாமல் வேனில் ஊற்றிவிட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாராம்!

அன்று ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், நாற்சந்தி தாண்டியதும் வேன் இரண்டு தடவை விக்கிவிட்டு நின்றுபோனது. பின்னால் ஆஸ்பத்திரி விரிப்புகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. இன்று தாமதமானால் அந்த வேலை போயிற்று. அத்தான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஊத்தினீங்க?"

அத்தான் சாவியை இன்னொரு தடவை திருகிப் பார்த்தார்.

"அத்தான், உங்களைத்தான் கேக்கறேன். அந்தச் சோப்பையா ஊத்தினீங்க?"

"மேலே தெளிவா இருந்ததைத்தான் மச்சான்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் வேனின் கதவை உதைத்தேன். கால்தான் வலித்தது. அத்தான் இறங்கி, தள்ளிப் போய் நின்று, யாருக்கோ போன் செய்தார். பிறரிடம் அவர் உதவி கேட்டு அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கேட்கிற மனிதர்களுக்குச் சரி சொல்லியே பழகியவர். கொஞ்ச நேரத்தில் சாம்பல் நிறக் கார் வந்து நின்றது. குழாய்க்காரரும் அந்த அம்மாவும் இறங்கினார்கள், வழியில் தொடங்கிய சண்டையை முடிக்காமலே.

அந்த அம்மா வேனுக்கு அடியில் குனிந்து வடிகட்டியைக் கழற்றினார். உள்ளே வெண்ணெய் மாதிரி அடைத்திருந்தது.

"காஸ்டிக் எவ்வளவு போட்ட?" என்றார் குழாய்க்காரர்.

"நீங்க சொன்ன அளவு."

"அப்ப நான் சொன்னது?" என்றார் அந்த அம்மா.

அத்தான் தரையைப் பார்த்தார். "அதையும் போட்டேன்."

இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவர்கள் ஒத்துப்போய் நான் பார்த்தது அந்த ஒரு விஷயத்தில்தான்.

"யோவ், நானும் இந்தம்மாவும் சண்டை போடாத சனிக்கிழமை உண்டா? அடுத்த வாரம் நான் வராம இருந்தேனா, இவங்க வராம இருந்தாங்களா? உங்க கணக்கு வேணாம்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா உன் தலையா போயிடும்?"

"என் கணக்கு வேணாம்னு சொல்லியிருந்தா எனக்குக் கோபம் வந்திருக்கும்" என்றார் அந்த அம்மா, கையைத் துடைத்துக்கொண்டே. "வந்தா என்ன? சாயந்திரம் போயிடும்."

அத்தான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். யாரோ அவரிடம் புதிதாக ஒரு ஊர் இருப்பதாகச் சொன்ன மாதிரி விழித்தார். எனக்கோ நேரம் போகிறதே என்ற கவலை. உங்கள் தத்துவத்தையெல்லாம் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று கத்திவிட்டு, மூட்டைகளைக் காருக்கு மாற்றினேன்.

அந்த அம்மாவும் அத்தானும் வேனைப் பார்த்துக்கொள்ள, குழாய்க்காரர் என்னை ஏற்றிக்கொண்டு பறந்தார். ஆஸ்பத்திரி வாசலில் தலைமை நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார். நேரத்துக்கு மயிரிழையில் வந்துவிட்டோம். ஒரு விரிப்பை எடுத்து உதறியவர் மூக்கைச் சுருக்கினார்.

"என்னப்பா, பொரிச்ச வாசனை வருது?"

காரின் உபயம். "புதுசா ஒரு சோப்பு போட்டுப் பார்த்தோம் சிஸ்டர், நாளையிலிருந்து பழசுதான்" என்று பூசி மெழுகினேன். அதுவும் முழுப் பொய் இல்லை. காலையில் பிரசவமான ஒரு பெண் விரிப்புக்காகக் காத்திருந்ததால் அவரும் மேலே கேட்கவில்லை. வேலை தப்பித்தது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா எல்லாவற்றையும் என் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். அத்தான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தொடங்கிவிட்டாள்.

"போதும். அந்த டிரம் இன்னைக்கே வெளிய போகணும். அந்த ரெண்டு பேருக்கும் போன் போட்டு, இனிமே வரமாட்டேன்னு சொல்லிடுங்க."

அத்தான் நிமிர்ந்தார். நான் வழக்கமான 'சரி'க்காகக் காத்திருந்தேன்.

"முடியாது" என்றார்.

நடு அறையில் இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா போய் அதை நிறுத்திவிட்டு வந்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போறப்ப பங்க்ல வாங்கின டீசல்தான் ஊத்துவேன். அது சத்தியம். டிரம்மைக் கொடிக்குக் கீழ இருந்து அந்த மூலைக்கு மாத்திடறேன். ஆனா சனிக்கிழமை போவேன்."

அத்தனையும் ஒரே மூச்சில். சொல்லி முடித்தவருக்கு வியர்த்துவிட்டது. அதற்குமேல் அங்கே நிற்க அவருக்குத் தைரியம் இல்லை. பின்கட்டுக்குப் போய் டிரம்மை உருட்டத் தொடங்கினார். அக்கா இயந்திரத்தைத் திரும்பப் போட மறந்துவிட்டாள். நான்தான் போட்டேன்.

எனக்கு ஒரு நப்பாசை. வாய் திறந்துகொண்டதே, இனி எல்லோரிடமும் இப்படிப் பேசுவார், நம் காலம் பிறந்தது என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவருடைய தம்பி வந்தான். அலமாரி ஒன்றைக் கொண்டுபோக வேண்டும், வேன் வேண்டும் என்றான். நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"எடுத்துக்கோ" என்றார் அத்தான். சாவியைக் கொடுத்தார். போதாததற்கு அலமாரியைத் தூக்கிவிட அவனோடு கூடவே போய்விட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலையணை உறைகளை அடுக்கிக்கொண்டிருந்த அக்காவிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன். அவனிடம் சொல்ல வேண்டிய முடியாது என்ற வார்த்தையை உன்னிடம் சொல்லிவிட்டு, அவனிடம் சாவியைக் கொடுக்கிறார், இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். அவளும் சேர்ந்து கத்துவாள் என்றுதான் எதிர்பார்த்தேன்.

அவள் அடுக்குவதை நிறுத்தவில்லை. "இத்தனை வருஷத்துல அவர் முடியாதுன்னு சொன்ன ஒரே ஆளு நான்தான்டா" என்றாள். "மத்தவங்ககிட்ட சொன்னா விட்டுட்டுப் போயிடுவாங்கன்னு அவருக்குப் பயம். நான் எங்கயும் போகமாட்டேன்னு தெரிஞ்சிருக்கு."

சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அன்று மதியம் கடைக்கு வந்த இரண்டு வாடிக்கையாளர்களிடமும் அதைச் சொன்னாள்.