கத்திரியில் வந்த கீற்று

எங்கள் வீட்டில் இருவருக்கும் ஒரே வானம்தான், ஆனால் வேண்டுதல் வேறு. என் வீட்டுக்காரர் மரக்காணத்தில் உப்புப் பாத்தி குத்தகைக்கு எடுத்திருந்தார். வெயில் ஏற ஏற அவர் முகம் மலரும். நான் முந்திரித் தோப்பைத் தாண்டி இருந்த ஒரு சின்ன வனவிலங்குப் பூங்காவில் புள்ளிமான்களுக்குத் தழை போட்டு, தொட்டியில் தண்ணீர் நிரப்பும் வேலை பார்த்தேன். வெயில் ஏறினால் நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்கு ஓடுவேன்.

பூங்கா ஆபீஸ் சுவரில் ஒரு வெப்பமானி தொங்கியது. மாதம் பிறந்தால் மேலாளர் வாசல் பலகையில் சாக்பீஸால் எழுதுவார்: இந்த மாதம் வெயில் எவ்வளவு, எந்தெந்த மாதம் வந்தால் சுகமாகச் சுற்றிப் பார்க்கலாம் என்று. மார்கழி, தை என்றால் அவர் கையெழுத்தே உற்சாகமாக இருக்கும். பனி விலகாத காலையில் மான்கள் வெயில் தேடி வேலியோரம் வந்து நிற்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேன் வேனாக இறங்குவார்கள். மாசிக் கடைசியில் தரை சுட ஆரம்பிக்கும். சித்திரையில் அந்தப் பலகையைப் படிக்க ஆளே இருக்காது. ஆடிக் காற்று மண்ணை வாரிக் கண்ணில் போடும். ஐப்பசி மழையில் பட்டி சேறாகிவிடும், ஆனாலும் தழைக்குப் பஞ்சமில்லை. பக்கத்துக் கழுவெளி ஏரியில் வெளிநாட்டுப் பறவைகள் இறங்கிவிடும். எனக்கு அதுதான் திருவிழா. அவருக்கோ பாத்தி எல்லாம் மூழ்கிப்போய் சும்மா உட்காரும் காலம்.

"இன்னிக்கு உங்க ஆபீஸ்ல வெயில் எவ்ளோ காட்டுது?" என்று சாப்பிடும்போது கேட்பார். சொன்னால், "இன்னும் ஏறட்டும்" என்பார்.

"மொதல்ல வாயக் கழுவுங்க. அங்க வாயில்லா ஜீவனுங்க நாக்கத் தள்ளிக்கினு கெடக்குது" என்பேன்.

சும்மா சொல்லக் கூடாது, அவர் வெயில் கேட்டதிலும் நியாயம் இருந்தது. 2004 கடைசியில் கடல் பொங்கி வந்து பாத்தி எல்லாம் சேறாகிவிட்டது. அதை வழித்துச் சீர்செய்வதற்குள் அடுத்த சீசன் போய்விட்டது. 2005 கடைசியில் பெய்த மழை மிச்சத்தையும் கெடுத்தது. 2006-இல்தான் உப்பு உப்பாக விளைந்தது. சித்திரைக் கடைசியில் கத்திரி வெயில் பிறந்தபோது பாத்தியோரம் வெள்ளைவெளேரென்று ஒரு குவியல் நின்றது. லாரி வர இன்னும் சில நாள் இருந்தது. அது ஏறிப் போய்க் குத்தகைப் பணம் கட்டினால்தான் பாத்தி அடுத்த வருஷமும் எங்கள் கையில் இருக்கும்.

அதே கத்திரியில் பூங்காவில் ஒரு மான் நிறை சினையாக இருந்தது. முந்தின வருஷம் அது போட்ட குட்டி, நிழல் இல்லாத பட்டியில் பிறந்த அன்றே வெயிலில் சுருண்டு செத்துப்போனது. அதைக் கையில் தூக்கிப்போய்ப் புதைத்தவள் நான். இந்தக் குட்டியாவது பிழைக்கட்டும் என்று மேலாளரிடம் ஒரு கூரை கேட்டேன்.

"மேல எழுதியிருக்கேம்மா, வரட்டும்" என்றார். பாவம், அவர் மட்டும் என்ன செய்வார். கூரை வரும்வரை குட்டி காத்திருக்குமா? வீட்டுக்கு வந்து சோற்றுப் பானையை நங்கென்று வைத்தேன்.

"இன்னா ஆச்சு?" என்றார் வீட்டுக்காரர்.

"உங்களுக்கு இன்னா, வறட்டு மேல்காத்து அடிச்சா உப்பு நல்லா இறுகும். கடல்காத்து எட்டிக்கூடப் பாக்கல. அந்த மானு வயித்தத் தள்ளிக்கினு வெயில்ல மூச்சு வாங்குது" என்று கத்தித் தீர்த்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உப்பளத்துக்குக் கிளம்பினார்.

மறுநாள் காலையில் பூங்கா வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. உப்புக் குவியலை மூட வைத்திருந்த தென்னங்கீற்று மொத்தமும் அதில் இருந்தது.

"ஏங்க, உப்புக்கு?" என்றேன்.

"மேல்காத்து இந்தப் போடு போடுது, மழையாவது ஒண்ணாவது! லாரி வர்ற வரைக்கும் தாங்கும். நவுரு, கயித்தப் புடி."

சவுக்குக் கம்பு நட்டு மத்தியானத்துக்குள் கூரை போட்டுவிட்டார். மேலாளரே சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வந்து கம்பு பிடித்தார்.

இரண்டு நாள் கழித்து அந்த நிழலில் மான் குட்டி போட்டது. தாய் நக்கி நக்கி அதை எழுப்பி நிறுத்தியது. குட்டி தடுமாறிப்போய் மடியைத் தேடிப் பிடித்ததும்தான் அப்பாடா என்று உட்கார்ந்தேன். சாயங்காலம் மேற்கே பெருமுக்கல் மலைப் பக்கம் வானம் கறுத்தது. இடி இடித்தது. காற்று திரும்பி, பெரிய பெரிய சொட்டாக மழை கொட்டியது. முதலில் எனக்குச் சந்தோஷம்தான். கூரைக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. நிமிர்ந்து கீற்றைப் பார்த்தபோதுதான் சுரீரென்றது. ஐயோ, கீற்று இங்கே இருக்கிறதே, உப்பு அங்கே மொட்டையாக நிற்குமே!

மழையிலேயே சைக்கிளை மிதித்தேன். உப்பளத்தில் மற்றவர்களின் குவியல்கள் எல்லாம் மூடிக் கிடந்தன. எங்கள் குவியலின் மேல் ஒரு கிழிந்த தார்ப்பாயும் அவர் வேட்டியும் கிடந்தன. அவர் வெறும் டிராயரோடு பக்கத்தில் நின்றார். பாதி உப்பு கரைந்து வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது.

"பாவி நான், என்னாலதானே" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"சீ, அழாத. மானு நனைஞ்சுதா?"

"இல்லீங்க. குட்டி போட்டுடுச்சு. ரெண்டும் காஞ்ச எடத்துல கெடக்குது."

"பொழச்சுக்குமா?"

"பால் குடிக்குதுங்க."

முகத்து மழையை வழித்துவிட்டுச் சிரித்தார். "அப்போ வுடு. உப்பு இன்னொரு வெயில்ல வெளையும். அந்த உசுரு போனா வருமா?"

குத்தகைக்குக் குறைந்ததை என் காதுத் தோடு சரிக்கட்டியது. கழற்றிக் கொடுக்கும்போது எனக்குத் துளி வருத்தம் இல்லை. இப்படி ஒரு மனுஷனைக் கொடுத்த சாமிக்கு அதைவிடப் பெரிய காணிக்கையே போட்டிருக்கலாம்.